சூடடித்த களமும் கூத்தாடிய களரியும்

மாங்குளத்திலிருந்து கிழக்கு நோக்கி முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுந்தெருவிலே, இருமருங்கும் பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த காட்டைக் கடந்து, ஒட்டுசுட்டானில் தான்தோன்றீசுவரர் சந்நிதியைத் தொழுது, மேலும் சில கட்டை தூரம் பிரயாணஞ் செய்கிறவனுக்கு, காடு விலகி வயல் விரிகின்ற ஓரிடத்தில், தண்ணீரூற்றும் முள்ளியவளையும் அடுத்தடுத்துத் தோன்றும். நாடகத்தின் சரித்திரத்தைத் தேடி வந்தவன் அவ்வூர்களிலே கண்ணைக் கவரும் நாடக மாளிகை எதையும் காணமாட்டான். ஸ்தாபகர்களின் உருவப்படங்கள் வரிசையாக மாட்டப்பட்ட கூடமோ, கல்லிலே பொறித்த தொடக்க ஆண்டோ அவனுக்கு வழிகாட்டாது. ஆயினும், வன்னிப் பெருநிலத்தில் நாடகக்கலை எவ்வாறு வாழ்ந்தது என்று என்னைக் கேட்பவர்க்கு நான் முதலிலே சுட்டிக்காட்டுவது இந்த ஊர்களையே. தெய்வத்துக்கு நேர்ந்து ஆடிய கோவலன் கூத்தும், பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதிய பண்டாரவன்னியன் நாடகமும் இந்த ஒரே மண்ணில் வேரூன்றியவை. ஒன்று ஊரின் நேர்த்திக்கடன். மற்றது ஊரின் சரித்திர ஏக்கம். இவ்விரண்டுக்கும் இடையிலேதான் வன்னி நாடகத்தின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

தொழிலுக்காகவன்றி அபிமானத்துக்காக நடிப்போரை 'அமெச்சூர்' நடிகர் என்று நாம் வழங்குகிறோம். சென்னையில் 1891ஆம் ஆண்டு பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை நிறுவி, வழக்கறிஞரும் உத்தியோகத்தரும் வேடந்தரிப்பது இழுக்கன்று என்று காட்டினார். அந்த முன்மாதிரியைப் பின்பற்றி, 1913இல் கலையரசு க. சொர்ணலிங்கம் அவர்கள் இலங்கையில் லங்கா சுபோத விலாச சபையைத் தோற்றுவித்தார். மறு ஆண்டிலே யாழ்ப்பாணத்தில் சரஸ்வதி விலாச சபை எழுந்தது. அந்தச் சபைகளுக்கு அங்கத்தவர் இருந்தனர், காரியதரிசி இருந்தார், ரசிகர்கள் சீட்டு வாங்கி ஆசனத்தில் அமர்ந்தனர். தாம் நடிகர் என்ற உணர்வோடு அவர்கள் நடித்தார்கள். வன்னியிலோ, அதே காலத்தில், அவர்களுக்கு எவ்வளவும் குறையாத அபிமானத்தோடு இரவெல்லாம் ஆடிய கமக்காரனுக்குத் தான் ஒரு நடிகன் என்பதே தெரியாது. அவன் அம்மனுக்கு ஒரு கூத்துக் கடன்பட்டவன். அந்தக் கடனைத் தீர்த்தபின் வயலுக்குப் போகிறவன். ஈழத்து நாடகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்களிற் பலர் சபைகளின் பெயர்களைத் தேடிப் போனமையால், பெயரில்லாத இந்த மனிதனைச் சிறிது மறந்துவிட்டார்கள் என்று நான் வருத்தத்தோடு எண்ணுவதுண்டு.

வன்னியிலே கூத்தின் நாட்காட்டியும் வேளாண்மையின் நாட்காட்டியும் வேறுவேறானவையல்ல. மாரி மழையை நம்பி விதைத்த காலபோகம் தை மாசியிலே முற்றும். அரிவி வெட்டி, கட்டுக் கட்டிச் சூடுவைத்து, நல்ல நாள் பார்த்துச் சூடடித்து, பொலி தூற்றி, நெல்லைப் பட்டறையில் இட்டபின், குளத்து நீர் வற்றத் தொடங்கும் பங்குனியிலிருந்து வைகாசி வரையில் ஊருக்கு ஓய்வு. நேற்று மாடுகள் சுற்றிச் சுற்றி மிதித்த அந்தக் களம், சாணமிட்டு மெழுகிய அந்த வட்டமான கெட்டி நிலம், இன்று கூத்துப் பழகுவதற்கு ஏற்ற இடம். நெற்பதர் இன்னும் காலில் ஒட்டும் களத்திலே முதலடி மிதித்துப் பழகியவன் பின்பு எந்த மேடையில் ஏறினாலும், அவன் ஆட்டத்தில் மண்ணை அழுத்தி மிதிக்கும் ஒரு பாரம் இருந்துகொண்டே இருக்கும். இதை நான் பல ஊர்க் கூத்துகளைப் பார்த்தபின் சொல்கிறேன்.

கூத்துக்குக் காரணமான தெய்வத்தைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. நந்திக்கடலின் ஓரத்திலே வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் இருக்கிறது. மதுரையை எரித்த சினத்தோடு புறப்பட்ட கண்ணகி கடல் கடந்து இலங்கைக்கு வந்து, இடந்தோறும் தங்கித் தங்கிப் பத்தாவதாக இங்கே தங்கினாள் என்றும், அதனால் இது பத்தாப்பளையாகிப் பின் வற்றாப்பளையாயிற்று என்றும் ஐதிகம் கூறும். கடலோரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் ஒரு மூதாட்டியாக வந்து பொங்கல் கேட்டாளாம், விளக்கேற்ற எண்ணெய் இல்லையே என்று அவர்கள் கைபிசைந்தபோது, கடல்நீரை எடுத்து வார்க்கச் சொன்னாளாம், விளக்கு எரிந்ததாம். இன்றும் ஆண்டுதோறும் வைகாசி மாதத்திலே முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வைத்து உப்புநீரிலே விளக்கெரித்து, அடுத்த திங்கட்கிழமை வற்றாப்பளையில் பொங்கல் நடத்துகிறார்கள். வன்னியெங்குமிருந்து மாத்திரமல்ல, இலங்கையின் பல பாகங்களிலிருந்தும் ஜனங்கள் வந்து திரளும் பொங்கல் அது.

இப்படிப்பட்ட ஊரிலே கோவலன் கதையைக் கூத்தாக ஆடுவது வெறும் பொழுதுபோக்காக எவ்வாறு அமைய முடியும்? முள்ளியவளைச் சுற்றாடலில் வழங்கும் கோவலன் கூத்து, அம்மனுடைய கதையை அம்மனுடைய நிலத்திலேயே, அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற பயபக்தியோடு ஆடப்படுவது. அதன் கதையும் இளங்கோவடிகள் சொன்ன கதையோடு எல்லா இடங்களிலும் ஒத்துப்போவதன்று. ஈழத்திலே கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்து வளர்ந்த கண்ணகி வழக்குரை, கோவலனார் கதை ஆகிய பாடல் மரபுகளில், கண்ணகி மாங்கனியிற் பிறக்கிறாள். பாண்டியன் அவளைப் பேழையிலிட்டு நீரில் விடுகிறான். அவளுடைய சிலம்புக்கு வேண்டிய நாகமணியைத் தேடி மீகாமன் கடலோடிப் போய் வெடியரசனோடு போர் செய்கிறான். கடலும் கலமும் இவ்வளவு பெரிதாக வருவதைக் கண்டு இது மூலத்திலிருந்து வழுவியது என்று ஒரு வித்துவான் குறைகூறக்கூடும். கடலோரத்திலே வாழ்ந்து, கடல்நீரில் விளக்கெரித்த ஜனங்கள் தம் தெய்வத்தின் கதைக்குள்ளே தம்முடைய கடலையும் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பதில் எனக்கு வியப்பும் இல்லை, குறையும் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் கோவலன் நாடகம் ஆர்மோனியத்தோடு ஊர்ஊராகப் பிரசித்தி பெற்ற காலத்திலும், இந்தக் கூத்து தன் மத்தளத்தையும் தாளத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. இதன் ஆட்டமுறை மட்டக்களப்பின் வடமோடி தென்மோடிகளுக்கும், மன்னார்க் கூத்துக்கும் வேறானதென்று கண்டு, இப்பிரதேசத்தார் அதற்கு முல்லைமோடி என்று பெயர் வழங்குவர்.

கூத்துப் பழகும் முறையை நேரிலே பார்த்தவர்க்கு அது மறக்காது. ஊர்ப் பெரியவர்கள் கூடி, எந்தக் கூத்து, யார் அண்ணாவியார், செலவுக்கு யார் யார் பொறுப்பு என்று தீர்மானிப்பார்கள். அண்ணாவியார் என்பவர் ஆசிரியரும் இயக்குநரும் மத்தளகாரரும் ஒருவராய் அமைந்தவர். ஏட்டிலுள்ளது முழுவதும் அவருக்கு மனப்பாடம். ஏட்டிலே இல்லாத இராகமும் அடியும் அவர் ஒருவரிடத்திலேதான் உண்டு. பையன்களை வரிசையாக நிறுத்தி, குரலைக் கேட்டு, உயரத்தைப் பார்த்து, நடையைப் பார்த்து, இன்னார்க்கு இன்ன பாத்திரம் என்று அவர் சொல்லும்போது, அதை மறுத்துப் பேசும் வழக்கம் இல்லை. மீசை அரும்பாத பையன் கண்ணகியாவான். உரத்த தொண்டையுள்ளவன் பாண்டியனாவான். எதற்கும் அடங்காத குறும்பன் கட்டியகாரன் ஆவான். எழுத்தறியாதவனுக்கு அண்ணாவியார் வாயாற் சொல்லிச் சொல்லியே முந்நூறு நானூறு பாட்டுக்களைப் பாடமாக்கிவிடுவார். பின்னாளிலே ஏடு போய், பள்ளிக்கூடக் கொப்பி வந்தது, முறை மாறவில்லை.

இரவு சோறுண்டபின் பழக்கம் தொடங்கும். மத்தளத்தின் வாயை நெருப்பருகே காட்டிச் சூடேற்றிச் சுருதி சேர்ப்பார்கள். பின்னே நிற்கும் பிற்பாட்டுக்காரர் பாத்திரம் பாடிய தரு என்னும் பாட்டை எடுத்துத் திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளியிலேதான் ஆடுகிறவன் மூச்சு வாங்கி அடுத்த அடிக்கு ஆயத்தமாவான். அரங்கேற்றத்துக்கு முன்பு உடுப்புகள் தயாராகும். மெல்லிய தடிகளை வளைத்துக் கூடைபோலக் கட்டி, அதன்மேல் துணியும் கண்ணாடியும் சரிகையும் தைத்த கரப்புடுப்பைத் தரித்து, தலையில் மரமுடியும் தோளிற் புயக்கிரீடமும் அணிந்து, அரசன் வரவு விருத்தத்தோடு களரிக்குள் வரும்போது, அவன் நேற்று நம் வேலியோரம் மண்வெட்டியோடு போன மனிதன் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அந்தச் சுமையோடு விடிய விடிய ஆடவேண்டும். தீவட்டிகள் போய்ப் பெற்றோமாக்ஸ் விளக்கு வந்தது, அதன்பின் மின்சாரம் வந்தது. பாயும் தலையணையும் கட்டி மாட்டுவண்டியில் வந்து, பிள்ளைகளை மடியிலே தூங்கவிட்டுத் தாம் தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் மாத்திரம் தலைமுறைக்குத் தலைமுறை அதே இடத்திலே இருந்தார்கள். அவர்களைப் பற்றி இக்கட்டுரையின் முடிவிலே மீண்டும் சொல்லவேண்டியிருக்கிறது.

வன்னிக்கே உரிய இன்னொரு கதையும் உண்டு. மதங்கொண்ட யானையைத் தனியொருத்தியாய் அடக்கிக் கட்டிய அரியாத்தை என்ற பெண்ணின் கதை அது. அவள் யானை பிடிப்பதில் வல்ல பணிக்கர் குலத்தைச் சேர்ந்த வேலப்பணிக்கனின் மனைவி. அவள் மாண்டபின் பாடப்பட்டதாக வழங்கும் ஒப்பாரி வன்னியின் வாய்மொழி இலக்கியத்தில் மிகவும் உருக்கமானது. அந்த ஒப்பாரியே 'வேழம்படுத்த வீராங்கனை' என்ற பெயரோடு கூத்தாகி அரங்குக்கு வந்தது. காட்டையும் யானையையும் தினமும் கண்டு வாழும் ஜனங்களுக்கு, மகாபாரத வீரர்களைப் பார்க்கிலும் இந்த அரியாத்தை நெருங்கியவள்.

கிளிநொச்சியின் நிலைமை வேறு. அது குடியேற்றத்தால் உண்டான ஊர். இரணைமடுக் குளம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கட்டப்பட்டு, 1930களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து ஜனங்கள் வந்து காடுவெட்டிக் குடியேறினார்கள். வந்தவர்கள் மண்வெட்டியோடும் விதைநெல்லோடும் தங்கள் காத்தவராயன் கூத்தையும் கொண்டுவந்தார்கள். சிந்து மெட்டிலே நடக்கும் அந்தக் கூத்தில் ஆதிக்காத்தான், நடுக்காத்தான், பிற்காத்தான் என்று ஒரே பாத்திரத்தைப் பலர் பகிர்ந்து ஆடுவதனால், ஒரு குடியேற்றத் திட்டத்தின் அநேக வீடுகளுக்கு அதிலே பங்கு கிடைத்தது. நோயுற்ற பிள்ளைக்காக மாரியம்மனிடம் நேர்ந்து, அந்தப் பிள்ளை வளர்ந்தபின் அவனையே காத்தானாக ஆடவிட்ட தாய்மார் பலர். பின்னர், 1958இலும் 1977இலும் நடந்த இனக்கலவரங்களிலிருந்து உயிர்தப்பி மலையகத் தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறியவர்கள் காமன்கூத்தையும் அருச்சுனன் தபசையும் பொன்னர் சங்கரையும் கொண்டுவந்தார்கள். மாசி மாதத்திலே தேயிலை மலையில் எரிந்த காமன் இப்போது வன்னிக் குளக்கட்டின் கீழே எரிந்தான். வந்த ஊரிலே ஒரு கூத்தை ஆடி முடித்த அன்றுதான் அந்த ஊர் தன்னுடையதென்று ஒரு குடும்பம் உணர்ந்தது போலும்.

படித்தவர்கள் இத்தகைய கூத்துக்களை நீண்டகாலம் நாட்டுப்புறத்தாரின் கூச்சல் என்றே தள்ளிவைத்திருந்தார்கள். 1956இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' என்னும் சிங்கள நாடகத்தை அரங்கேற்றி, தமிழ்க் கூத்தோடு உறவுடைய 'நாடகம' என்னும் பழைய சிங்கள வடிவத்தின் சக்தியை நாடறியச் செய்தார். அவ்வூக்கத்தினால், பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் இலங்கைக் கலைக்கழகத்துத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராயிருந்து, மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம், வன்னி என்று ஊர்ஊராகச் சென்று அண்ணாவிமாரைத் தேடிக் கண்டு, அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, கூத்துப் போட்டிகளும் விழாக்களும் நடத்தினார். பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 1962இல் கர்ணன் போரையும் 1964இல் இராவணேசனையும் மேடையேற்றினார். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளிலே போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்று பழகிய கிராமத்து அண்ணாவியாருக்குப் பேராசிரியர் ஒருவர் எழுந்து நின்று மரியாதை செய்தது ஈழத்துக் கலை வரலாற்றிலே சிறிய சம்பவமன்று. விடியவிடிய ஆடிய கூத்தை ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கியமையால் இழந்ததும் உண்டு என்று கூறுவோர் உளர். அவர்கள் கூற்றிலும் நியாயம் இருக்கிறது. ஆயினும், சுருக்கியிராவிட்டால் அடுத்த தலைமுறை அதைத் திரும்பியும் பார்த்திராது என்பதே என் கட்சி.

இந்த விழிப்பின் காலத்திலேதான் முள்ளியவளையிலிருந்து முல்லைமணியின் குரல் எழுந்தது. வே. சுப்பிரமணியம் என்ற இயற்பெயருடைய அவர் ஆசிரியர். மல்லிகைவனம், கமுகஞ்சோலை முதலிய நாவல்களால் வன்னியின் வாழ்வை எழுத்திலே பதித்தவர். அவர் எழுதிய பண்டாரவன்னியன் நாடகம் மேடைக்கும் நூலுருவுக்கும் வந்து, பள்ளிக்கூடங்கள், சனசமூக நிலையங்கள், கோயில் வீதிகள் என்று பல இடங்களிலே நடிக்கப்பட்டது. ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் ஒரு நடுகல் இருந்தது. கப்டன் வொன் டிரிபேர்க் என்பவன் 1803ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி பண்டாரவன்னியனை இவ்விடத்திலே தோற்கடித்தான் என்று ஆங்கிலத்திலே பொறித்த கல் அது. வென்றவனின் வெற்றியைச் சொல்லும் அந்தக் கல்லைத் தவிர, வன்னியின் கடைசிச் சிற்றரசனுக்கு வேறு நினைவுச்சின்னம் அப்போது வன்னியிலே இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தோல்வியைச் சொல்லும் கல்லை வீரத்தைச் சொல்லும் சாட்சியாக மாற்றியது நாடகம். காட்டிக்கொடுக்கும் காக்கைவன்னியன் மேடையில் தோன்றும்போது சிறுவர்கள் பல்லைக் கடிப்பார்கள். பீரங்கிச் சத்தத்துக்குத் திரைக்குப் பின்னே தகரத்தை அடிப்பார்கள். வெள்ளைக்காரத் தளபதிக்கு வேண்டிய தொப்பியை எங்கேயோ இரவல் வாங்கிவருவார்கள். சரித்திர ஆராய்ச்சியாளர் ஒருவர் அதிலே காலமுரண் காட்டக்கூடும். ஆனால் தன் ஊர்ப் பெயரும் தன் குளத்தின் பெயரும் ஓர் அரசனுடைய வாயிலிருந்து வருவதைக் கேட்ட அந்தச் சிறுவனின் நெஞ்சிலே நடந்ததை எந்த ஆராய்ச்சியும் அளக்காது. பின்னாளிலே கலைஞர் மு. கருணாநிதி 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' என்று நாவல் எழுதித் தமிழகத்திலே அந்தப் பெயரைப் பரப்பினார். வன்னியோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, கோயில் வீதியில் பாய் விரித்து அவனைக் கண்டுவிட்டது.

நேர்த்திக்காக ஆடியவனின் பேரன் சரித்திரத்துக்காக நடித்தான். ஆனால் இரண்டு வேலைக்கும் ஊர் ஒரே விதமாகவே கூடிற்று: அதே பெரியவர்கள் செலவைப் பொறுத்தார்கள், அதே தென்னோலையால் பந்தல் வேய்ந்தார்கள். வசனநாடகத்தை ஒத்திகை பார்க்கும் ஆசிரியரையும் சிலர் பழக்கத்தினால் அண்ணாவியார் என்றே அழைத்ததைக் கேட்டிருக்கிறேன்.

அதன்பின் வந்த ஆண்டுகளைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. 1995இன் இறுதியில் போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து லட்சக்கணக்கான ஜனங்கள் வன்னிக்கு இடம்பெயர்ந்தார்கள். மரநிழலிலும் தறப்பாளின் கீழும் பள்ளிக்கூடங்கள் நடந்தன. அவற்றின் ஆண்டு விழாக்களில் நாடகமும் நடந்தது. போரைப் பாடும் நாடகங்கள் தெருவெளியிலே நடிக்கப்பட்ட காலம் அது. அதே காலத்தில் வைகாசிப் பொங்கலும் அதன் கூத்தும் தம் போக்கிலே நடந்து வந்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி வந்து முல்லைத்தீவுக் கரையை வாரிக்கொண்டு போயிற்று. தீர்த்தமெடுக்கும் கடலே ஊரை விழுங்கியது. அதற்கு ஐந்து ஆண்டுகள் நிறைவதற்குள், 2009ஆம் ஆண்டு, போரின் இறுதியில், அம்மன் சந்நிதிக்கு அருகேயுள்ள நந்திக்கடலின் கரைகளிலே என்ன நடந்தது என்பதை உலகம் அறியும். உயிரோடு எஞ்சியவர்கள் செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பிக்குள்ளே இருந்தார்கள். பெட்டகத்திலே சுருட்டி வைத்த உடுப்பும், பலா மரத்திற் கடைந்த மத்தளமும், மூன்று தலைமுறை பார்த்தெழுதிய கொப்பியும் பதுங்குகுழிக்குள்ளே தூக்கிச் செல்லத்தக்க சாமான்களல்ல. கையிற் பிள்ளையோடு ஓடுகிறவள் கூத்துக் கொப்பியை எடுத்துக்கொள்ளவில்லையே என்று யாராவது குறைபட முடியுமா? அண்ணாவிமாரிற் சிலர் திரும்பி வரவில்லை. ஏடு எரிந்தால் வேறோர் ஊரிலே பிரதி கிடைக்கலாம். இராகத்தை வாயிலே வைத்திருந்தவர் போனால் அதற்குப் பிரதி கிடையாது.

மீள்குடியேற்றத்துக்குப் பின் வற்றாப்பளைப் பொங்கல் மீண்டும் பெருந்திரளாக நடந்தது; உப்புநீரிலே விளக்கு எரிந்தது. ஊர்களில் மெல்ல மெல்லக் கூத்தும் தொடங்கிற்று. அப்படித் தொடங்கிய ஊர் ஒன்றிலே, தகரக் கொட்டிலின் முன்னே, ஓரிரவு நான் பழக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தளம் புதிது; அதன் வார் இன்னும் இறுகவில்லை. அண்ணாவியார் முதியவர், காது சற்று மந்தம். கண்ணகி வேடத்துக்கு நிறுத்தப்பட்ட பையனுக்குப் பதினாறு வயதிருக்கும். அவன் கையிலிருந்த கொப்பி, அண்ணாவியார் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல அவன் தானே எழுதியது. ஒரு தருவின் நடுவிலே அவன் நின்றுவிட்டான். கொப்பியைப் புரட்டினான், அந்த இடத்தில் இரண்டு அடி விட்டுப்போயிருந்தது. அண்ணாவியார் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார், அவருக்கும் வரவில்லை. பிற்பாட்டுக்கு நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அப்போது, வேலியோரத்திலே பாய் விரித்து, பேரப்பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழக் குரல், இராகம் பிசகாமல், விட்டுப்போன இரண்டு அடியையும் பாடிற்று. பாடியவள் தன் ஆயுளிலே ஒருநாளும் களரியில் ஏறாதவள். ஏறுவதற்கு அக்காலத்திலே அவளுக்கு இடமுமில்லை. அண்ணாவியார் தாளத்தை நிறுத்தி, "இன்னொருக்காப் படி, ஆச்சி" என்றார். அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு மறுபடியும் பாடினாள். பையன் நிலத்திலே குந்தியிருந்து எழுதிக்கொண்டான்.